காலை அகற்றிய பிறகும் காயம் ஆறவில்லையே: வாசகர் கேள்விகளும் இரத்தநாள அறுவை மருத்துவரின் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் கால் இரத்தக் குழாய் அடைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, காலை அகற்றியும் காயம் ஆறாமல், சீழ் வைத்து, மறுபடியும் மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவை. ஆகவே இம்மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கும் முன்பிருந்தே பீடிப் பழக்கம். விரல் கறுத்து, அழுகல் மேலேறி, முழங்காலுக்குக் கீழே காலை அகற்றினார்கள். ஒன்பதாம் நாள் கட்டு நனைந்து நாற்றம் வந்தது. சீழ் வைத்துவிட்டது என்கிறார்கள். கெட்ட காலைத்தான் எடுத்துவிட்டார்களே, நல்ல இடத்தில் எப்படிச் சீழ் வரும்? இது மருத்துவமனையின் அலட்சியமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு காலையே கொடுத்த பிறகும் நோய் விடவில்லை என்னும்போது குடும்பத்துக்கு எவ்வளவு வேதனையும் கோபமும் வரும் என்பதை நான் வார்டில் அன்றாடம் பார்க்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கான விடை, நாம் ‘நல்ல இடம்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லில் இருக்கிறது.

காலை அகற்றும்போது அழுகிய சதை போய்விடுகிறது. அழுகலை உண்டாக்கிய அடைப்பு போவதில்லை. அந்த அடைப்பு பெரும்பாலும் தொடையிலோ, முழங்காலுக்குப் பின்புறத்திலோ, சிலருக்கு அடிவயிற்றிலோ உள்ள தமனியில் இருக்கிறது. அதாவது, வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கிறது. நீங்கள் காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் எளிதில் புரியும்: மேலே வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் காய்வது கடைமடை வயல்தான். காய்ந்துபோன கடைசி வயலைக் கைவிட்டுவிட்டால், அதற்கு முந்தைய வயல் இப்போது கடைமடையாகிவிடுகிறது. உங்கள் தந்தையின் கெண்டைச் சதை இன்று அந்த நிலையில் இருக்கிறது. காயமில்லாத தோல் உயிரோடிருக்கக் குறைந்த இரத்தம் போதும். வெட்டித் தைத்த தோல் ஒட்டிக்கொள்ள அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பார்வைக்குச் சிவப்பாக, கதகதப்பாக இருந்த தோல், தைத்த பிறகு ஓரங்களில் கறுக்கத் தொடங்குவது இதனால்தான். கறுத்த ஓரம் கிருமிக்கு உணவு.

விபத்தில் கால் நசுங்கி அகற்றப்பட்ட ஓர் இளைஞருக்குக் காயம் விரைவில் ஆறிவிடுவதையும், உங்கள் தந்தைக்கு ஆறாததையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வேறுபாடு இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும், ஆக்சிஜனும், நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர இரத்தம் ஒன்றே வழி. இதற்குமேல், சர்க்கரை மிகுந்திருக்கும்போது வெள்ளணுக்களின் வேலைத்திறன் மங்கிவிடுகிறது. கிருமிகள் பல வழிகளில் வருகின்றன: அழுகிய பாதத்திலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியாக ஏற்கெனவே மேலேறி நின்றவை சில, தொடையிடுக்குத் தோலிலும் மலப்பாதையைச் சுற்றியும் வாழ்பவை சில, தோலின் மேலேயே எப்போதும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் மற்றொன்று. தைத்த சதைக்குள் இரத்தம் கட்டி நின்றால் இவை அத்தனைக்கும் அது விளைநிலமாகிவிடும்.

இரத்தக் குழாய் நோயால் காலை இழப்பவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இவ்வகைத் தொற்றுக்கு ஆளாவதாக வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சீழ் வந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகிவிடாது. ஆனால் நீங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வெட்டும் மட்டத்தை முடிவு செய்யும் முன் டாப்ளர் ஒலியலைச் சோதனையோ, குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமோ செய்து இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்களா? மேலே உள்ள அடைப்பை இப்போதாவது பலூன் வைத்து விரித்தோ, அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் இணைக்கும் பைபாஸ் செய்தோ இரத்தத்துக்கு வழி திறக்க முடியுமா? எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் சோதனைக்குச் சீழை அனுப்பியிருக்கிறார்களா? இந்த மூன்றில் இரண்டாவது கேள்விதான் என் பார்வையில் மிக முக்கியமானது. தொற்று வந்த பிறகும் அதைக் கேட்கக் காலம் கடந்துவிடவில்லை. பீடியைப் பொறுத்தவரை, இன்றைக்கு நிறுத்தினால் இந்தக் காயத்துக்கே பயன் உண்டு, ஏனெனில் ஒவ்வொரு பீடியும் தோலின் நுண்குழாய்களைச் சுருக்குவதோடு, இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தைக் கார்பன் மோனாக்சைடைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். ‘கீழே எடுத்தால் ஆறாது, மறுபடி வெட்ட வேண்டிவரும், ஒரே தடவையாக மேலே எடுத்துவிடுங்கள்’ என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, மதுரை

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், உங்கள் அம்மா எழுந்து நடக்கக்கூடியவரா என்பதைப் பொறுத்தே எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

தொடையில் வெட்டினால் காயம் ஆறும் வாய்ப்பு கூடுதல். முதன்மைத் தமனி அடைபட்டிருந்தாலும், தொடையின் ஆழத்தில் ஓடும் கிளைத் தமனி பலருக்குத் திறந்தே இருக்கும். அது அங்குள்ள சதையைக் காப்பாற்றிவிடும். ஆனால் முழங்கால் போய்விட்டால் செயற்கைக் காலில் நடப்பதற்கு உடல் செலவிட வேண்டிய உழைப்பு பெரிதும் கூடிவிடுகிறது. இதய நோயும் உள்ள முதியவர்களில் பலர் அந்த உழைப்பைத் தாங்க முடியாமல் சக்கர நாற்காலியோடு நின்றுவிடுகிறார்கள். முழங்கால் இருந்தால் கட்டிலிலிருந்து இறங்குவதும், கழிவறைக்குப் போவதும், பேருந்துப் படியேறுவதும் எளிதாகும்.

முழங்காலைக் காப்பாற்றும் முறைகளில் முக்கியமான ஒன்று, முன்பக்கத் தோலைக் குட்டையாக விட்டு, பின்பக்கக் கெண்டைச் சதையை நீளமாக விட்டு, அதை முன்னே மடித்துத் தைப்பது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எர்னஸ்ட் பர்ஜஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1960களில் இதைப் பரவலாக்கினார். முன்னங்காலில் எலும்பின் மேல் தோல் மட்டுமே உண்டு, பின்னே சதையும் அதனோடு இரத்தமும் உண்டு என்பதே இதன் அடிப்படை. எனவே தையல் கோடு முன்பக்கம் அமைந்திருப்பதைக் கண்டு யாரும் திகைக்க வேண்டாம்.

அம்மா இதுவரை நடந்துகொண்டிருந்தவர் என்றால், முழங்காலுக்காகப் போராடலாம் என்பதே என் கருத்து. அதற்காக மறு அறுவைக்கான அபாயத்தை ஏற்பதும் நியாயமே. நெடுநாளாகப் படுக்கையில் இருந்து, முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டவர் என்றால், கீழே வெட்டுவதில் பொருளில்லை. மடங்கிய காலின் முனை மெத்தையில் உராய்ந்து உராய்ந்து புண்ணாகி, அந்தப் புண்ணிலேயே தொற்று ஏறும்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் போட வேண்டும்? ஒரு மருத்துவமனையில் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள், இன்னொன்றில் ஒரு வாரம் போடுகிறார்கள்.
- வாசகர், ஈரோடு

பதில்: பொதுவாக எந்த அறுவையானாலும், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பதும், அறுவை முடிந்த பின் தடுப்புக்காக அதைத் தொடரத் தேவையில்லை என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆனால் இரத்த ஓட்டம் குறைந்த காலை அகற்றும்போது அந்தப் பொது விதி போதுமா என்ற கேள்வி எழுந்து, பிரிட்டனில் ஒரு நாள் மருந்தையும் ஐந்து நாள் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐந்து நாள் பெற்றவர்களுக்குக் காயத் தொற்று குறைந்திருந்தது. அதனால் பலர் இப்போது ஐந்து நாள் முறையைப் பின்பற்றுகிறார்கள். தொற்று ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குக் கல்ச்சர் முடிவைப் பார்த்தே நாட்களை முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்; இரத்தம் போகாத சதைக்கு எந்த மாத்திரையும் போய்ச் சேராது, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிதான் மிஞ்சும்.

ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தையும் கருவிகளையும் தூய்மை செய்யத் தொடங்குவதற்கு முன், அவரது வார்டில் கை கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். தொடங்கிய பின் 40 பேரில் 6 பேரே இறந்தார்கள். கட்டு மாற்றுபவர் கை கழுவினாரா என்று பார்ப்பது இன்றும் மருந்துச் சீட்டுக்கு நிகரான வேலை என்பதால் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு முதலில் கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள். தைக்கவில்லை, திறந்தபடி கட்டு மட்டும் போட்டார்கள். ஐந்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே மறுபடி வெட்டித் தைத்தார்கள். இரண்டு அறுவைக்கும் பணம் வாங்கினார்கள். முதல் தடவையே சரியாகச் செய்திருக்கக் கூடாதா?
- வாசகி, சேலம்

பதில்: உங்கள் கணவரின் பாதத்தில் சீழும் ஈர அழுகலும் இருந்திருந்தால், அது சரியாகச் செய்யப்பட்ட சிகிச்சைதான்.

சீழ் பொங்கும் பாதம் ஒன்று உடலோடு இணைந்திருக்கும்போதே மேலே வெட்டித் தைத்துவிட்டால், மேலேறிக்கொண்டிருக்கும் கிருமிகளைத் தையலுக்குள் வைத்து மூடியதாகிவிடும். அதனால் முதலில் அழுகலை மட்டும் விரைவாக அகற்றிவிட்டு, வெட்டுவாயைத் திறந்தே வைத்து, காய்ச்சலும் சர்க்கரையும் இறங்கி, காலின் வீக்கம் வடிந்த பின், சில நாட்கள் கழித்துத் தூய்மையான சதையில் முறையான அறுவையைச் செய்கிறோம். இப்படி இரண்டு கட்டமாகச் செய்தவர்களுக்கு ஸ்டம்ப்பில் (வெட்டிய பின் எஞ்சும் கால் முனையில்) தொற்று குறைவு என்பது ஒப்பீட்டு ஆய்வுகளில் உறுதியான செய்தி. இதை முதல் அறுவைக்கு முன்பே உங்களை உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது அவர்கள் தவறு. பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருந்தால், இனி வரும் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: மாமியாருக்குக் கால் எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று உறவினர்கள் சொல்வதால் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுக்கிறோம். சரியா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சரியில்லை, தாயே. அன்பினால்தான் பத்தியம் வைக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆனால் இந்தப் பத்தியம் காயத்தைப் பட்டினி போடுகிறது. புதிய சதை புரதத்தால் கட்டப்படுகிறது. வெறும் கஞ்சி சர்க்கரையை ஏற்றும், சதையைக் கட்டாது. முட்டையின் வெள்ளைக்கரு, மீன், பருப்பு, சுண்டல், தயிர், முருங்கைக்கீரை ஆகிய எதற்கும் சீழை உண்டாக்கும் தன்மை கிடையாது. கத்தரிக்காய்க்கும் கிடையாது. சிறுநீரகம் பழுதடைந்தவராக இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தின் மேல் மஞ்சள் தூளோ, காப்பித் தூளோ, பச்சிலைச் சாறோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களே கட்டைப் பிரித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சீழ் வைக்கிறது என்று எப்படி அறிவது?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: பயப்படுவது இயல்பு. முதல் தடவை ஸ்டம்ப்பைப் பார்க்கும் மகன்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பின் முப்பது நாள் வரை காயத் தொற்று தலைகாட்டலாம். அந்த நாட்களில் பெரும்பகுதி நோயாளி வீட்டில்தான் இருப்பார்.

நல்ல வெளிச்சத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிரியுங்கள். கடைசிச் சுற்றுத் துணி தையலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்; சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். முதலில் துணியைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, தெளிவாக, ஒரு சிறு வட்டம் அளவு நனைந்திருந்தால் கவலையில்லை. கலங்கலாகவோ, பச்சை படர்ந்தோ, பழுப்பாகத் திரண்டோ இருந்தால், அல்லது நேற்று இருந்ததைவிட இன்று கூடுதலாக நனைந்திருந்தால், கவனிக்க வேண்டும். பிறகு தோலைப் பாருங்கள். தையல் கோட்டைச் சுற்றிச் சிவப்பு இருந்தால், அதன் எல்லையைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். மாலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே புறங்கையை வைத்து மறு தொடையோடு சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தையல் ஓரம் கறுத்து, தோல் பொருக்குப்போல் காய்ந்திருந்தால், அது இரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம். அதையும் காட்டியாக வேண்டும். தோலை அழுத்தும்போது உள்ளே நொறுநொறுவென்று உணர்ந்தால், அது சதைக்குள் வாயு சேரும் கொடிய தொற்றாக இருக்கலாம். அந்த நேரமே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வலியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. இல்லாத கட்டைவிரல் எரிகிறது, இல்லாத பாதம் இழுக்கிறது என்று அப்பா சொன்னால், அது நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் வலி. உண்மையான வலியே, அதற்கு வேறு மருந்து உண்டு, ஆனால் அது சீழ் அன்று. நான்கைந்து நாளில் குறைந்து வந்த வலி மறுபடி ஏறி, வெட்டிய முனையிலேயே விண்விண்ணென்று தெறித்தால், அது தொற்றின் வலி. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு வலியும் தெரியாமல் போகலாம், காய்ச்சலும் வராமல் இருக்கலாம். அதே உணவு, அதே இன்சுலின், ஆனாலும் சர்க்கரை திடீரென்று 300-ஐத் தொடுகிறது என்றால், எங்கோ தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு காயத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. ஆறிவந்த பல ஸ்டம்ப்புகள் பிரிந்துபோவது கீழே விழுவதால்தான். அதிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் மனிதர், தூக்கக் கலக்கத்தில், இல்லாத காலைத் தரையில் ஊன்றிவிடுகிறார். முழு உடல் எடையும் தையலின் மேல் விழுகிறது. என் நோயாளி ஒருவர் பதினேழாம் நாள், மறுநாள் தையல் பிரிக்க இருந்த நிலையில், இப்படி விழுந்து, எலும்பு வெளியே தெரியும்படி காயம் திறந்து வந்தார். இறுதியில் முழங்காலையும் இழந்தார். கட்டிலருகே சிறுநீர்ப் பாத்திரம், இரவு விளக்கு, எழும் பக்கத்தில் ஒரு நாற்காலி, முடிந்தால் பக்கத்தில் படுக்க ஓர் ஆள் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மடக்கி வைக்காதீர்கள். சுகமாக இருந்தாலும் மூட்டு இறுகிவிடும். வீட்டைத் தேடி வரும் மருத்துவ வசதிக்காக 2021-ல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை தருவதோடு, இயன்முறைச் சிகிச்சையும் படுக்கை நோயாளி கவனிப்பும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. புகைப்பழக்கத்தால் வந்த இரத்தக் குழாய் நோயில் காலை இழந்தேன். காயம் ஆறிவிட்டது, ஆனால் மூன்று மாதமாக ஒரு சிறு துளையிலிருந்து நீர் கசிகிறது. இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். செயற்கைக் கால் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இப்போது வேண்டாம். மூடி மூடித் திறக்கும் துளைக்கு அடியில் பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும்: கரையாத தையல் நூல், எலும்பு முனையிலிருந்து பிரிந்த செத்த எலும்புத் துண்டு, எலும்புக்குள் குடிகொண்ட தொற்று, அல்லது முன்பு பைபாஸ் செய்திருந்தால் உள்ளே தங்கிவிட்ட செயற்கைக் குழாய். கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. தொற்றுப் பிடித்த குழாயின் இணைப்பு விட்டுப்போனால் பெரும் இரத்தப்போக்கு உண்டாகும். எனவே உங்கள் பழைய அறுவைக் குறிப்புகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்; தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நூலோ எலும்புத் துண்டோ என்றால் அதை எடுத்தவுடனே பல ஆண்டு கசிவுகூட நின்றுவிடுவதுண்டு. ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

துளை முழுவதும் மூடி, சில வாரங்கள் கசிவின்றி இருந்து, வீக்கம் வடிந்த பின்னரே செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வேண்டும். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் அளவெடுத்துச் செய்து, நடக்கவும் பயிற்றுவிக்கிறார்கள். அதுவரை தினமும் எட்டு வடிவில் கிரேப் பேண்டேஜைச் சுற்றி வாருங்கள். முனையில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கினால் முனை வீங்கி மறுபடி புண்ணாகும்.

உங்கள் வயதில் புகையால் வந்த நோய் என்றால் அது, புகையால் கை கால்களின் சிறிய, நடுத்தர இரத்தக் குழாய்கள் அழன்று அடைபடும் பர்ஜர் நோயாக இருக்கக்கூடும். 1908-ல் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விரிவாக விளக்கிய இந்த நோய் புகை நின்றால் பெரும்பாலும் நிற்கும், தொடர்ந்தால் அடுத்த காலுக்கும் கை விரல்களுக்கும் போகும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்டம்ப்பை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், மற்றக் காலின் செருப்பையும் கழற்றி, விரலிடுக்குகளையும் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.